முகம் மாறினால் ஆளும் மாறித்தான் போகிறார்

தொலைக்காட்சித் தொடரில் முக்கியமான ஒருவர் விலகும்போதெல்லாம் ஒரே மாதிரிதான் நடக்கிறது. ஒரு நாள் இரவு, காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே, ‘இனி இவருக்குப் பதில் இவர்’ என்று திரையில் ஓர் அறிவிப்பு வரும். அதே புடவை, அதே தாலி, அதே சமையல்கட்டு; நிற்பது மட்டும் வேறொரு பெண். மாமியார் அவளைப் பழைய பெயர் சொல்லியே கூப்பிடுவார், குழந்தை அவளையே அம்மா என்று கட்டிக்கொள்ளும். பார்த்துக்கொண்டிருப்பவர்கள் பதறினால் உடனே அறிவுரை வந்து விழும்: “கேரக்டர்தானே முக்கியம், யார் நடிச்சா என்ன? ரெண்டு வாரத்துல பழகிடும். ஒரு சீரியலுக்குப் போய் இவ்வளவு வருத்தமா?”

சேனல்காரர்கள் இப்படிச் சொல்கிறார்கள், தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள், தொடரே பார்க்காதவர்களும் சொல்கிறார்கள். எல்லாரும் சொல்லிச் சொல்லி அது பொது அறிவு மாதிரி ஆகிவிட்டது. பல வருடங்களாகத் தொடர் பார்த்து வருகிறவள் என்ற உரிமையில் சொல்கிறேன்: இதில் எந்த வாக்கியமும் உண்மையில்லை. யார் நடித்தாலும் ஒன்று என்பது தொடர் எப்படி உருவாகிறது என்று தெரியாத பேச்சு. பழகிவிடும் என்பது பார்வையாளரின் பொறுமையைச் சம்மதமாகக் கணக்கெழுதும் தந்திரம். இவ்வளவு வருத்தமா என்று கேட்பதில் இருப்பது, தொடர் பார்க்கும் பெண்கள்மேல் நம் ஊருக்கு உள்ள பழைய இளக்காரம்.

முதல் வாதம் மேடையிலிருந்து வந்தது. தெருக்கூத்தில் கர்ணன் வேஷத்தை இந்த வருடம் ஒருவர் கட்டுவார், அடுத்த வருடம் இன்னொருவர் கட்டுவார்; ஊர் விடிய விடிய உட்கார்ந்து பார்க்கும். நாடகத்திலும் அப்படியே. பிறகு தொடருக்கு மட்டும் என்ன வந்தது என்று கேட்கிறார்கள்.

கர்ணன் கூத்துக்காரருக்கு முன்பே இருக்கிறான். பாரதத்தில் இருக்கிறான், பாட்டில் இருக்கிறான், கூத்துப் பார்க்க வருகிற ஒவ்வொருவர் மனதிலும் இருக்கிறான். வேஷம் கட்டுகிறவர் அவனிடம் போய்ச் சேர வேண்டும். தினசரித் தொடரின் நாயகி அப்படி எங்கும் முன்கூட்டியே இருப்பதில்லை. அன்றைக்கு எடுக்க வேண்டிய காட்சியின் வசனம் பல சமயம் அன்றைக்குத்தான் செட்டுக்கு வருகிறது. டிஆர்பி வாராவாரம் வர வர, கதையின் போக்கு மாறுகிறது. இருவராக இருந்த வில்லிகள் மூவராகிறார்கள், செத்தவர் திரும்புகிறார், பிரிந்தவர் சேர்கிறார். இத்தனை திருப்பங்களுக்கு நடுவில் மாறாமல் நிற்பது நடிப்பவரின் முகமும் குரலும் நடையும்தான். எழுதுகிறவரும் அதைப் பார்த்துத்தான் எழுதுகிறார். இவர் மௌனமாக நின்றால் நன்றாக இருக்கிறது என்று கண்டால் வசனத்தைக் குறைக்கிறார்; இவர் வெடித்துப் பேசினால் எடுபடுகிறது என்றால் இரண்டு பக்க வசனம் எழுதுகிறார். இரண்டு வருடம் ஓடிய பிறகு, அந்தப் பாத்திரத்தில் எது எழுத்தாளருடையது, எது நடிகருடையது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

சன் டிவியின் ‘எதிர்நீச்சல்’ தொடரில் மாரிமுத்து செய்த ஆதி குணசேகரனை நினைத்துப் பாருங்கள். வீட்டுப் பெண்களை அடுப்படியிலேயே பூட்டிவைக்க நினைக்கும் மூத்த அண்ணன். தமிழ்த் தொடர்களில் இப்படி எத்தனையோ பேர் வந்து போயிருக்கிறார்கள். “இந்தாம்மா, ஏய்” என்பதைக் காகிதத்தில் எழுதினால் ஒரு மிரட்டல், அவ்வளவுதான். மாரிமுத்து அதைச் சொல்லும்போது முதல் பாதியில் ஒரு சலிப்பு இருக்கும், இரண்டாம் பாதியில் அதட்டல் ஏறும். எதிரே நிற்கிறவளை மனுஷியாகவே மதிக்காத ஒரு பார்வை அதற்கு முன்னாலேயே வந்துவிடும். கோபப்படுவதற்கு முன் ஒரு நொடி அலுத்துக்கொள்கிற அந்த ஆணைத் தமிழ்நாட்டுப் பெண்களுக்குத் தெரியும். அப்பாவாக, மாமனாராக, மேலதிகாரியாக அவனைப் பார்த்திருக்கிறார்கள். அதனால்தான் அந்தத் தொடரை வெறுத்துக்கொண்டே பார்த்தார்கள், பயந்துகொண்டே சிரித்தார்கள்.

2023 செப்டம்பர் 8 அன்று அந்தத் தொடருக்கே டப்பிங் பேசப் போன இடத்தில் மாரிமுத்து மாரடைப்பால் இறந்தார். சில வாரங்களுக்குப் பிறகு வேல ராமமூர்த்தி குணசேகரனாக வந்தார். வேல ராமமூர்த்தி சாதாரண ஆள் கிடையாது. ‘குற்றப் பரம்பரை’ எழுதியவர். திரையில் அவர் வந்து நின்றாலே ஒரு கனம் கூடும். ஆனால் அவருடைய முரட்டுத்தனம் வேறு வகை. அவர் கோபத்தில் சலிப்பு கிடையாது, நேரடியாகப் பாய்கிற கோபம் அது. வசனம் அதே பாணியில் எழுதப்பட்டது, வீடு அதே வீடு, தம்பிகள் அதே தம்பிகள். அந்த வீட்டில் இப்போது இருந்தது வேறொரு அண்ணன். அவர் குறைந்தவர் என்று நான் சொல்லவில்லை. அவர் வேறு ஆள். அதைக் கண்ணால் பார்த்துச் சொன்ன ரசிகர்களை, புரியாதவர்கள் என்று ஒதுக்கியதுதான் தவறு.

பாத்திரமே முக்கியம் என்கிறவர்களுக்குத் தென்னிந்தியத் தொலைக்காட்சியே ஒரு பரீட்சை நடத்திக் காட்டியிருக்கிறது. நிறத்துக்காக ஒதுக்கப்படும் ஒரு பெண்ணின் கதை. மலையாளத்தில் ஏஷியாநெட்டில் 2014-இல் ‘கறுத்தமுத்து’ என்று தொடங்கியது. பிறகு தெலுங்கில் ஸ்டார் மாவில் ‘கார்த்திக தீபம்’, தமிழில் விஜய் டிவியில் 2019 பிப்ரவரியிலிருந்து ‘பாரதி கண்ணம்மா’. கதையின் வேர் ஒன்றே. மலையாளத்தில் நாயகியாக நடித்த பிரேமி விஸ்வநாத்தை மாற்றி ரேணு சௌந்தரைக் கொண்டுவந்தார்கள். அதே பிரேமி விஸ்வநாத் தெலுங்குக்குப் போனார். அங்கே ‘வண்டலக்கா’ (சமையல்கார அக்கா) என்று வீட்டுக்கு வீடு கூப்பிடும் அளவுக்கு ஆனார். தொடர் பல வருடங்கள் முதலிடத்தில் இருந்தது. 2022-இல் கதையில் அவரையும் நாயகன் நிருபம் பரிதலாவையும் விபத்தில் சாகடித்து, அடுத்த தலைமுறையை வைத்து ஓட்டப் பார்த்தார்கள். தொடரின் பெயர் இருந்தது, குடும்பம் இருந்தது, எழுதுகிறவர்கள் இருந்தார்கள். மக்களுக்கு அது வேண்டியிருக்கவில்லை. சில மாதங்களில் இரண்டு பேரையும் சாவிலிருந்து திருப்பிக் கொண்டுவந்தார்கள். 2024-இல் தொடங்கிய இரண்டாம் பாகத்திலும் அதே ஜோடிதான். யார் நடித்தாலும் ஒன்று என்றால், செத்தவர்களை எழுப்புகிற அளவுக்கு ஒரு சேனலுக்கு என்ன அவசியம் வந்தது?

வடக்கிலும் அதே கதைதான். ‘க்யோங்கி சாஸ் பீ கபி பஹூ தீ’ தொடரில் நாயகன் மிஹிர் இறந்துபோனதாக 2001-இல் காட்டியபோது கிளம்பிய எதிர்ப்பைத் தாங்க முடியாமல், அமர் உபாத்யாய் நடித்த அந்தப் பாத்திரத்தை உயிரோடு கொண்டுவந்தார்கள். 2007-இல் நாயகி துளசியாக நடித்த ஸ்மிருதி இரானி விலகியதும், அந்த இடத்துக்கு கௌதமி கபூர் வந்தார். அடுத்த வருடமே ஸ்மிருதி இரானி திரும்பினார். 2025 ஜூலையில் தொடரைப் புதிதாகத் தொடங்கியபோது, மத்திய அமைச்சராக இருந்துவிட்டு வந்த அதே ஸ்மிருதி இரானியையும், அதே அமர் உபாத்யாயையும்தான் தேடிப் பிடித்தார்கள். இடையில் ரோனித் ராய் பல வருடம் மிஹிராக நிலைத்தாரே என்று கேட்கலாம். நிலைத்தார். முந்தைய மிஹிரைப் போல் செய்து காட்டாமல், தனக்கென்று ஒரு மிஹிரை உண்டாக்கியதால் நிலைத்தார். நடிகர்தான் பாத்திரத்தை ஆக்குகிறார் என்பதற்கு அவரும் சாட்சியே.

அடுத்தது ‘பழகிவிடும்’. இதற்குக் காட்டும் ஆதாரம் எப்போதும் ஒன்றுதான்: தொடர் நிற்கவில்லையே, ஓடியதே! ‘பாரதி கண்ணம்மா’வில் கண்ணம்மாவாக நடித்த ரோஷினி ஹரிப்பிரியன் 2021 அக்டோபரில் விலகினார், வினுஷா தேவி வந்தார், தொடர் அதற்குப் பிறகும் ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ தொடரில் முல்லையாக நடித்த வி.ஜே. சித்ரா 2020 டிசம்பரில் மறைந்தார். அந்தப் பாத்திரத்துக்கு காவ்யா அறிவுமணி வந்தார், பிறகு லாவண்யா வந்தார், 2023 வரை தொடர் ஓடியது. உண்மை. ஆனால் ஓடியது எதைக் காட்டுகிறது? ஒரு வீட்டில் எட்டரை மணி என்றால் சோறு வடித்து, பாத்திரம் கழுவி, துணி மடித்துக்கொண்டே டிவி முன்னால் உட்காரும் நேரம். மாமியாரும் மருமகளும் மகளும் ஒரே அறையில் கூடும் நேரம் பல வீடுகளில் அது ஒன்றுதான். முல்லைக்குப் பதில் வேறு முல்லை வந்தாலும் தனமும் மீனாவும் கதிரும் அங்கேயே இருக்கிறார்கள்; மிச்சக் குடும்பத்தை விட்டுப் போக மனம் வராது. பார்ப்பதை நிறுத்தவில்லை என்பதால் இழப்பு இல்லை என்று ஆகாது. முல்லை கதிரைப் பார்த்துச் சிரிக்கிற காட்சி வரும்போதெல்லாம் பழைய சிரிப்பை நினைத்தவர்கள் எத்தனை பேர் என்று எந்த டிஆர்பி பெட்டியும் எண்ணுவதில்லை.

அந்த நினைப்பு எப்படி உண்டாகிறது என்று கணக்குப் போட்டும் பார்க்கலாம். விளம்பரம் போக ஓர் எபிசோடு சுமார் 20 நிமிடம். வாரத்துக்கு ஐந்து அல்லது ஆறு நாள். ஒரு வருடத்துக்கு ஏறக்குறைய 90 முதல் 100 மணி நேரம். இரண்டரை மணி நேர சினிமா என்றால் அது 35, 40 படம். ஒரு பெரிய ஹீரோ பத்திருபது வருடத்தில் நடித்து முடிக்கிற அத்தனை படங்களின் நேரத்தைத் தொடரின் நாயகி ஒரே வருடத்தில் நம் வீட்டுக்குள் செலவழிக்கிறார். அதிலும் தொடரின் இலக்கணம் முழுக்க க்ளோசப். ஒரு செய்தி வெடித்தால் கேமரா ஒவ்வொரு முகமாகப் போய் நின்று வரும். நாயகியின் முகத்தில் மட்டும் மூன்று முறை நிற்கும். புருவம் எப்போது சுருங்கும், அழுகைக்கு முன் உதடு எந்தப் பக்கம் துடிக்கும் என்பதெல்லாம் பார்ப்பவருக்கு மனப்பாடம். 2020-இல் கர்ப்பிணிக் கண்ணம்மா பையைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டு நடந்தாள், நாள்கணக்கில் நடந்துகொண்டே இருந்தாள். ஊரே அதை மீம் போட்டுச் சிரித்தது. அந்த நடையில் பேச்சு குறைவு. தோளை நிமிர்த்திக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் ரோஷினி நடந்த நடைதான் கதை. தன் வீட்டிலிருந்து அப்படி ஒரு முறையாவது வெளியேற நினைத்து, நினைப்போடு நின்றுவிட்ட பெண்கள் அதைப் பார்த்தார்கள். அவர்களோடு அத்தனை நாள் நடந்த ஒருத்தி திடீரென்று இல்லை என்றால் வருத்தம் வராமல் எப்படி இருக்கும்?

சீரியலுக்குப் போய் வருத்தமா என்ற கேள்விக்கு இனி வருகிறேன். பிடித்த ஹீரோவின் கட்அவுட்டுக்கு ஏணி வைத்துப் பால் ஊற்றுகிறவரை இந்த ஊர் ரசிகர் என்கிறது. முதல் நாள் முதல் காட்சிக்கு நள்ளிரவில் வரிசையில் நிற்பதைக் கொண்டாட்டம் என்கிறது. கிரிக்கெட் வீரர் ஓய்வு பெற்றால் ஆண்கள் கண் கலங்குகிறார்கள். பத்திரிகைகள் முதல் பக்கத்தில் அதைப் போடுகின்றன, யாரும் கேலி பேசுவதில்லை, பேசவும் கூடாது. ஒரு பெண், நான் பார்த்த கண்ணம்மா இவள் இல்லை என்று சொன்னால் மட்டும் வேலையற்றவள் என்ற பட்டம். மாமியாரைப் பார்த்துக்கொண்டு, குழந்தைக்குப் பாடம் சொல்லிக்கொண்டு, நாள் முழுக்க வேலை பார்த்த பிறகு அவளுக்கென்று கிடைத்த அரைமணி நேரம் அது. அதில் உண்டான பற்றை மதிக்க முடியாதவர்கள் எந்த ரசனையைப் பற்றிப் பேசவும் தகுதி இழக்கிறார்கள்.

எதிர்த்தரப்பின் வாதங்களில் நான் ஒப்புக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. புதிதாக வருகிற நடிகையை ரசிகர்கள் சிலர் வதைக்கிறார்கள். நிறம், உடம்பு, பல் என்று எதையும் விடுவதில்லை. நிறத்துக்காக ஒதுக்கப்பட்ட பெண்ணுக்காகக் கண்ணீர் விட்டவர்களே இன்னொரு பெண்ணின் தோற்றத்தைப் பழிப்பது மகா கேவலம். அதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது. விலகியவரை ஏசுவதும் அதே வகைதான். “நாலு பேர் தெரிஞ்சதும் திமிர் வந்துடுச்சு, சினிமா ஆசை” என்று பேசுகிறார்கள். ஆல்யா மானசா 2022-இல் ‘ராஜா ராணி 2’ தொடரிலிருந்து விலகியது பிரசவத்துக்காக. ஒருவருக்கு உடம்பு முடியாமல் போகலாம், நல்ல வாய்ப்பு வரலாம், ஒரே அழுகையை மூன்று வருடம் அழுது அலுத்தும் போகலாம். நாள் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர் வேலையை விட எந்த ரசிகரின் அனுமதியும் வேண்டியதில்லை. நம்முடைய வருத்தம் நியாயமானது; அது யார்மேலும் வழக்காக மாறக்கூடாது.

ஆனால் இந்த வசவு எங்கே பிறக்கிறது என்றும் பார்க்க வேண்டும். பல சமயம் ஒருவர் ஏன் போனார் என்று சேனல் வாயே திறப்பதில்லை. வதந்தி அந்த இடத்தை நிரப்புகிறது. போனவர் அணிந்த புடவையைக் கட்டிக்கொண்டு, அவர் அழுத அதே மூலையில் நின்று, அவர் மாதிரியே அழச் சொல்லிப் புதியவரைக் கேமரா முன்னால் தள்ளுகிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல வழி யாருக்கும் தோன்றாது. சேனல்மீது போக வேண்டிய கோபம் ஒரு புதுப் பெண்ணின் தலையில் இறங்குகிறது.

வேறு என்ன செய்வது, தொடரை நிறுத்தினால் லைட்மேன் முதல் மேக்கப்மேன் வரை எத்தனை குடும்பம் பாதிக்கும் என்று கேட்கிறார்கள். நிறுத்தச் சொல்லி நான் கேட்கவில்லை. செய்கிற விதத்தை மாற்றச் சொல்கிறேன். அதற்கு வழி இருக்கிறது, செய்தும் காட்டியிருக்கிறார்கள். 2021-இல் ‘சித்தி 2’ தொடரிலிருந்து விலகியபோது ராதிகா அதைத் தானே வெளிப்படையாக அறிவித்தார், ரசிகர்களுக்கு நன்றி சொன்னார், தொடர்ந்து பாருங்கள் என்றும் கேட்டுக்கொண்டார். அவருக்குப் பதில் இன்னொரு சித்தியை நிறுத்தாமல் இளைய ஜோடியை வைத்துக் கதை 2022 வரை நகர்ந்தது. ‘தாரக் மேத்தா கா உல்டா சஷ்மா’வில் தயாபென்னாக நடித்த திஷா வகானி 2017-இல் மகப்பேறு விடுப்பில் போய்த் திரும்பவில்லை. அந்த இடத்தைப் பல வருடம் காலியாகவே வைத்து, தயா அம்மா வீட்டில் இருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டே தொடர் ஓடியது. பிபிசியின் ‘டாக்டர் ஹூ’வில் 1966-இல், டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னலுக்கு உடல்நிலை இடம் கொடுக்காதபோது, டாக்டர் உருமாறுகிறார் என்று கதையிலேயே எழுதினார்கள். அடுத்து வந்த பாட்ரிக் ட்ரவுட்டன் ஹார்ட்னலைப் போல் நடிக்கவில்லை. புதிய முகம், புதிய குணம் என்று கதையே அவருக்கு இடம் விட்டது. அந்தத் தொடர் பல பத்தாண்டுகள் வாழ்ந்ததற்கு அந்த நேர்மையும் ஒரு காரணம்.

ஆகவே சேனல்களிடமும் தயாரிப்பாளர்களிடமும் கேட்கிறேன். ஒருவர் விலகினால் அவர் பெயரைச் சொல்லி நன்றி கூறுங்கள். காரணத்தைச் சொல்ல அவருக்குச் சம்மதம் என்றால் அதையும் சொல்லுங்கள். முடிந்தால் அவருக்கு ஒரு விடைபெறும் காட்சி எழுதுங்கள். அவர் மறைந்துவிட்டால் ஒரு முழு எபிசோடை அவர் நினைவுக்குக் கொடுங்கள். பாத்திரத்தைத் தொடர்வதானால் புதியவரின் முகத்துக்கும் குரலுக்கும் ஏற்ப மாற்றி எழுதுங்கள். போலி செய்யச் சொல்லாதீர்கள். தொடர முடியாத பாத்திரம் என்றால் கதையிலேயே அவரை வழியனுப்புங்கள்.

ரசிகர்களிடமும் ஒன்று கேட்கிறேன். வருத்தத்தைக் குறைத்துக்கொள்ளாதீர்கள், அதற்காக வெட்கப்படவும் வேண்டாம். ஒரு நடிகரின் உழைப்பை நாள்தோறும் கவனித்தவர்களுக்கு மட்டுமே அந்த வருத்தம் வரும். அதைப் போனவருக்கு வாழ்த்தாகச் சொல்லுங்கள், வந்தவருக்குச் சில மாத அவகாசமாகக் கொடுங்கள். கேள்வி கேட்க வேண்டிய இடம் சேனல். அங்கே மட்டும் விடாமல் கேளுங்கள்.